பின் சீட்டுக்கு அடியில் பஞ்சு

இல்லை, என் அருமை அண்ணே, வேனை விற்கவில்லை. மதினிதான் ஓட்டுகிறாள். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, சுற்றியுள்ள பட்டிகளுக்கும். சீர் கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். தட்டுகளும் பெண்களும் பாட்டுமாகப் போய் இறங்க வேண்டும் அவர்களுக்கு. பாட்டு இல்லாத வேனை யார் கூப்பிடுவார்கள்?

நீ போன பிறகு அந்த வேனில் ஏறவே பயந்தேன். உன் வாடை இருக்கும் என்று. அங்கே இருந்தது வேறு வாடை.

போன வாரம் மதுரையிலிருந்து வந்தேன். மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிக்கொண்டாள். பின் சீட்டில் யாழினி தூங்கிக்கொண்டிருந்தாள். உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாட்டு பலமாக இருந்தது. அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகியிருக்கிறாள்.

ஊரைத் தாண்டியதும் பாட்டு நின்றது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தது போல ஒரு வாடை. மெல்லியது. ஜன்னலைத் திறந்தால் போய்விடும் அளவுக்கு.

மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது அப்படித்தான் பொன்னி. செத்த நேரம் நிக்கும், பொறவு தானா பாடும். அவிய இருக்கும்போதும் நிக்கும்ல?”

நின்றதா அண்ணே? எனக்கு நினைவில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

தானாகவே பாடத் தொடங்கியது. நான் யாழினி பக்கம் திரும்பினேன்.

பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது. சரிசெய்கிறேன், சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். வீடு வரும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மதினியிடம் சொல்லாமல் சீட்டைத் தூக்கினேன்.

ஸ்பீக்கர் இரண்டு இருந்தன. உன்னுடையது ஒன்றுதான். சத்தம் பத்தவில்லை என்று சவாரிக்காரர்கள் சொன்னார்களாம். மதினியின் தம்பி மாரி அதே அளவில் இன்னொன்றை வாங்கிவந்து மாட்டியிருக்கிறான். உன் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சேனலையும் சேர்த்து நீ ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்திருந்தாய். அதன் மின்தடை நான்கு ஓம். அதற்குக் கீழே போகக்கூடாது என்று ஆம்ப்பின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. மாரி புது ஸ்பீக்கரின் வயரை உன் வயரோடு சேர்த்து முறுக்கியிருக்கிறான். நாலும் நாலும் எட்டு என்று நினைத்திருப்பான்.

எட்டு இல்லை. இரண்டு. ஒரு ஸ்பீக்கர் பக்கத்திலேயே இன்னொன்று; கரண்டுக்கு இப்போது இரண்டு வழி, தடை பாதி. ஆம்ப் தன்னால் தாங்க முடியாததை இழுக்கும். சூடாகும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். ஆறியதும் பாடும். மறுபடி சூடாகும்.

டிவி மெக்கானிக்கிடம் மீட்டர் வாங்கிவந்து வைத்துப் பார்த்தேன். முள் இரண்டு ஓமுக்கும் கீழே நின்றது. நான் இயற்பியல் படித்தவள். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்த ஒரு விதி என் மருமகளின் சீட்டுக்கு அடியில் சுட்டுக்கொண்டிருந்தது.

அடிக்கடி ஃபியூஸ் போனதால் அதைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளால் சுற்றியிருந்தார்கள். அதுவும் மாரிதான்.

இதுவரை எல்லாம் மாரி. இனி நீ.

ஆம்ப் கண்ணுக்கே தெரியவில்லை. சுற்றிலும் பஞ்சு. அதன்மேல் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி, மடிப்பு மடிப்பாக. பேண்டேஜ் யூனிட்டுக்கு நீ லோடு அடித்த காலத்தில் கொண்டுவந்த கழிவு. நம் வீட்டில் எதற்குத்தான் காஸ் இல்லை? காபி வடிகட்ட, மாவுச் சட்டியை மூட, யாழினியின் மூக்கைத் துடைக்க. அதிர்வில் தகரம் கடகடத்து, அப்போது கைக்குழந்தையான யாழினி விழிக்கிறாள் என்று ஆம்ப்பையும் காயம்போல் கட்டி வைத்திருந்தாய். உன் முடிச்சு எனக்குத் தெரியும்.

பிரித்தேன். வெளிமடிப்பு வெள்ளை. அடுத்தது இளம் மஞ்சள். ஆம்ப்பை ஒட்டியிருந்தது காபிக் கறை நிறம், தொட்டால் பொடிந்தது.

எத்தனை சவாரி போயிருக்கும் இதன்மேல் உட்கார்ந்து? எத்தனை பெண்கள்? யாழினி?

மதினி வந்து நின்றாள். கோபம். “அவிய கையால வச்சது. அதைத் தொடாதன்னா தொடாத.” நாளை வன்னியம்பட்டிக்குச் சீர் இருக்கிறது, பாட்டு இல்லையென்றால் அடுத்த முறை வேறு வேனைப் பிடிப்பார்கள் என்றாள். நான் ஓம் பற்றியெல்லாம் பேசினேன். என் குரல் எனக்கே வகுப்பறைபோல் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

கருகிய மடிப்பை அவள் கையில் வைத்தேன்.

முகர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, “இதையும் மாரிதான் வச்சானா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் வேண்டினாள். நீ செத்தவன் அண்ணே, உன்மேல் எதையும் போட யாருக்கு மனம் வரும்? ஆனால் மாரி வைத்ததுதான் கருகியது என்றால், நீ கட்டியதுபோலவே அவள் நாளைக்கே வேறு பஞ்சு வைப்பாள்.

“அண்ணன்தான் மதினி.”

அவள் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தாள். துணியை மடித்தாள், பிரித்தாள். “அப்ப எடு,” என்றாள். “அம்புட்டையும் எடு.”

எடுத்தோம். சேர்த்திருந்த சேனல்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பீக்கர். அப்படிக் கொடுத்தால் நான்கு ஓம் ஆம்ப்புக்குச் சுமையே இல்லை. வெள்ளித்தாளைக் கிழித்துவிட்டுச் சரியான ஃபியூஸ் போட்டோம். ஆம்ப்பை ஒரு பலகையில் திருகி, சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டோம். மாரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டு, நாலும் நாலும் எப்படிக்கா ரெண்டாகும் என்று மூன்று தடவை கேட்டான். மதினி அவனை முறைத்தாள்.

பாட்டைப் போட்டோம். பழைய பலத்தில் பாதிதான் வந்தது. அடிவயிற்றில் அறையும் அந்தச் சத்தம் இல்லை. மதினி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஏட்டி, ஒங்க அண்ணன் வச்ச பஞ்சைத்தான எடுக்கச் சொன்னேன். பாட்டையும் சேத்து எடுத்துட்டியே.”

சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது உன் காஸ் துணியில்தான்.

வன்னியம்பட்டிக்கு நானும் போனேன். பின் சீட்டில், சீட்டுக்கு அடியில் கையை விட்டபடி. ஒரு பெரியம்மா, என்ன தாயி தொலைச்ச என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஆம்ப் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் விட்ட உடம்புபோல. சத்தம் குறைவு என்று யாரோ முனகினார்கள். யாழினி என் மடியில் தூங்கினாள். வாடை இல்லை. இல்லை என்று தெரிந்தும் வழியெல்லாம் முகர்ந்துகொண்டே போனேன்.

இந்தப் பயம் போகுமா அண்ணே? தெரியவில்லை. நீ அன்பாகச் செய்து வைத்தவை இன்னும் எங்கெங்கே இருக்கின்றன? வீட்டு மீட்டர் பெட்டியிலா? மோட்டார் அறையிலா? உன் முடிச்சைக் கண்டால் இனி அவிழ்க்காமல் விடமாட்டேன். யாழினி உட்காரும் இடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இந்த வண்டி கிளம்பாது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் முடிச்சுகளை அவிழ்க்கும்
உன் தங்கச்சி,
பொன்னி

எழுதி முடித்ததும் மதினியிடம் சாவியை வாங்கி, பின் கதவைச் சரிசெய்ய வேனைப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன்.