ஒரு கண் கறுப்பு, ஒரு கண் மாதுளை

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து பிசுபிசுவென்று மழை. மாடி அறையில் ஈரவாடை. கூண்டுக்குத் துணி மாற்றியாயிற்று. மரத்தூள் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

எலிக்குட்டிகள் கண் திறந்துவிட்டன! தீபாவளியன்று பிறந்த ஒன்பதும். பிறந்த அன்றே மூடிய இமைத் தோலுக்கடியில் தெரிந்ததுதான்: இரண்டு குட்டிகளுக்கு ஒரு பக்கம் கறுப்புப் பொட்டு, மறுபக்கம் ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்று நேரில் பார்த்ததும் விளக்கை அருகில் கொண்டுவந்து மறுபடி பார்த்தேன். ஒரு கண் கறுப்பு, ஒரு கண் மாதுளை முத்து. ஒரு ஆண், ஒரு பெண். ஆணுக்கு நெற்றியில் வெள்ளைக் கீற்று வேறு. என்ன அழகு, என்ன அழகு.

"நம்ம புள்ள பொறந்தப்பக்கூட நீ இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கலயேட்டி" என்றார் வீட்டுக்காரர். நம் பிள்ளைக்கு இரண்டு கண்ணும் ஒரே நிறம். என்ன செய்வது.

அமலிக்குப் படம் அனுப்பினேன். புன்னக்காயல்காரி, துறைமுகத்தில் குமாஸ்தா. இருபத்தாறு வயது. என்னை விடப் பதினேழு வயது சிறியவள், எலி விஷயத்தில் என்னை விடப் பெரியவள். தகப்பன் எலி அவள் கொடுத்தது, ஐந்து தலைமுறை பார்த்துப் பார்த்துச் சேர்த்து எடுத்த வம்சம். தாய் என்னுடைய பவளம். கொஞ்சம் வளர்ந்ததும் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று சேர்த்தால் மாதுளைக் கண் வம்சத்தில் நிலைத்துவிடும் என்பது எங்கள் திட்டம்.

உடனே போன் வந்தது. "பேரு வச்சிராதீங்கக்கா! நான் சொன்னது நெனவிருக்குல்லா?"

அது அமலியின் சட்டம். குட்டி தீனி தின்னத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் தனியே விட வேண்டும். புழுக்கை விழுந்தால்தான் பெயர். கண்ணழகு, நெற்றியழகு எல்லாம் அதற்குப் பிறகு.

சரி என்றேன். சாயங்காலமே ஆணுக்கு ஜமீன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

நவ. 6, வியாழன்

லேபில் கூட்டம். ஊர் முழுக்கக் காய்ச்சல். நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்து விரல் மரத்துவிட்டது.

ஜமீன் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறான். "சாமியாடுதான் பாரு" என்று இவர் சிரிக்கிறார். மாதுளைக் கண்ணுக்குப் பார்வை மங்கல், தூரம் பிடிபடாது. தலையை ஆட்டித்தான் அளக்க வேண்டும். ஆட்டி ஆட்டி அளந்துவிட்டு ஒரே எம்பல், தங்கை முதுகில் சரியாக. அசந்துபோனேன்.

நவ. 10, திங்கள்

மூன்று வாரம் முடிந்தது. தீனி ஆரம்பம்:
ஊறவைத்த கம்பு
அவித்த முட்டை, துளி
ஓட்ஸ் (இவருடைய டப்பாவிலிருந்து, சொல்லவில்லை)

மதியம் இடி. பவளம் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி மூலைக்கு இழுத்துப்போனாள். அவள் பாதி உயரம் வளர்ந்துவிட்ட குட்டிகள். ஒன்பதையும் சேர்த்த பிறகு திரும்ப வந்து கூண்டைச் சுற்றி மோந்து பார்த்தாள், ஏதாவது விடுபட்டதா என்று. தாய் என்றால் இவள் தாய்.

நவ. 14, வெள்ளி

ஜமீன்தான் எல்லோரிலும் குண்டு. தொந்தி உருண்டு தரையைத் தொடுகிறது. பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. பவளத்தின் பாலில் பாதி இவன் வயிற்றில்தான் போல. வம்சத்துக்கு இவன் போதும்.

அமலி: "தாள்ல விட்டுப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் பாத்தேன், எல்லாம் நல்லாருக்கு."

பொய். கூண்டில் புழுக்கை நிறையக் கிடந்தது, எல்லோருடையதும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவ. 17, திங்கள்

ஜமீன் தின்னவில்லை. முடி சிலிர்த்து மூலையில் கிடக்கிறான். வயிற்றைத் தொட்டால் கல்.

ஒன்பதையும் தாளில் விட்டேன். எட்டுக்கு ஐந்து நிமிடத்தில் புழுக்கை. ஜமீனுக்கு அரை மணி நேரம் காத்திருந்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

தினமும் ஊரார் மலத்தைக் கண்ணாடியில் தடவிப் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பவள் நான். அதற்குத்தான் சம்பளம். என் வீட்டில் ஒரு வெற்றுத் தாளை விரிக்க எனக்கு உடம்பு வணங்கவில்லை. செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

லேபில் உட்கார்ந்து படித்தேன். நிறம் தருகிற செல்லும், குடலை அசைக்கிற நரம்பும் கருவில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றனவாம். கிளம்பியவை சில சமயம் போய்ச் சேருவதில்லை. நெற்றியில் சேராவிட்டால் வெள்ளைக் கீற்று. கண்ணில் சேராவிட்டால் மாதுளை. குடலின் கடைசியில் சேராவிட்டால் இது. வெள்ளை விழுந்த எல்லாவற்றுக்கும் வருவதில்லை, சில வம்சங்களில் வரும். நான் பார்த்துப் பார்த்து மயங்கிய அழகும் இந்த நோயும் ஒரே வேர். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு. எவ்வளவு கொடுமை.

நவ. 18, செவ்வாய்

லீவு போட்டேன். கால்நடை டாக்டர் விரலால் அமுக்கிப் பார்த்தார். "குடல் தள்ளாதும்மா. மருந்து குடுத்து நாலு நாள் கடத்தலாம், வலியோட. என்ன செய்யச் சொல்லுதீங்க?"

வேண்டாம், வலி வேண்டாம் என்றேன். ஊசி போடும்போது கையில் வைத்திருந்தேன். அப்போதும் தலையை ஆட்டி என் முகத்தை அளந்தான். அழுதேன், டாக்டர் முன்னாலேயே.

செம்பருத்தி அடியில் இவரே குழி தோண்டினார், மழையில் நனைந்துகொண்டு. கேலி ஒன்றும் இல்லை.

நவ. 20, வியாழன்

இரண்டு நாளாக அமலியைக் கூப்பிடவில்லை. அவளாகக் கூப்பிட்டதையும் எடுக்கவில்லை.

கெட்ட யோசனைகள். சளியில் போய்விட்டது என்று சொல்லலாம். தங்கை நன்றாக இருக்கிறாள், மாதுளைக் கண் அவளுக்கும் உண்டு. தகப்பனோடு சேர்த்தால் வம்சம் நிற்கும். யாருக்குத் தெரியப்போகிறது. சொன்னால் அமலியின் ஐந்து தலைமுறையும் போச்சு.

மதியம் சொல்லிவிட்டேன். தாளில் விடாததையும், பொய் சொன்னதையும் சேர்த்து.

அமலி கடைசிவரை கேட்டுக்கொண்டாள். பிறகு, "ரொம்ப வலிச்சுதாக்கா அதுக்கு?"

முதல் கேள்வி அதுதான். உங்கள் எலியாலா, என் எலியாலா என்று கேட்கவில்லை. பொய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

"அப்ப இந்தக் கொற ரெண்டு பக்கமும் இருக்குக்கா. உங்ககிட்டயும், என்கிட்டயும். நல்லவேள, நான் வெளிய யாருக்கும் குடுக்கல."

"அஞ்சு தலைமுறை, அமலி."

"அதுக்கென்ன செய்ய? வயிறு வீங்கிச் சாவும்னு தெரிஞ்சே சேத்து விட முடியுமா?"

நான் இரண்டு நாள் புரண்ட இடத்தை இந்தப் பெண் ஒரு நிமிடத்தில் தாண்டிவிட்டாள். இவளைத் தெரியும் என்பதே எனக்குப் பெருமை.

முடிவு அவளுடையது. ஆண் எல்லாம் என் வீடு, பெண் எல்லாம் அவள் வீடு. இனிச் சேர்க்கை கிடையாது. உள்ளது உள்ளபடி கடைசிவரை வளர்ப்பது. ஐந்து வாரம் ஆகும்முன் பிரித்துவிட வேண்டும், அதற்குப் பின் வைத்தால் அண்ணன் தங்கை பார்க்காது. அப்படியானால் பவளமும் போக வேண்டும்.

நவ. 23, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. ஆற்றில் இன்னும் செந்தண்ணீர்.

கூடையில் ஆறு: பவளம், அவள் மகள்கள் ஐந்து. மாதுளைக்காரி பவளத்தின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். வழிக்கு வெள்ளரித் துண்டு, பழைய துணி (வாசனைக்கு).

பஸ் ஸ்டாண்டில் அமலி. கையில் துண்டு போட்டு மூடிய கூடை, உள்ளே அவளுடைய நான்கு ஆண் எலிகள். நீட்டினாள். பார்வை பஸ் பலகையில்.

"ஒரு தடவ பாத்துட்டுக் குடேன்" என்றேன்.

"பாத்தா திருப்பிக் கொண்டு போயிருவேன்க்கா."

என் கூடையை நீட்டினேன். நான் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவள். அவள் பஸ்ஸின் நடத்துநர் விசில் அடித்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. அமலிதான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.