மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லி

மார்ச் 3
மகள் பிறந்து இன்றோடு ஒன்பது வாரம். மருந்துக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நான் வேலை பார்க்கும் பள்ளியின் மைதானத்துக்குப் போனேன். நான்கு சுற்று நடந்தேன். திரும்பியபோது மாமியாரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மருந்து கெடச்சுதாம்மா?"

"கடை பூட்டியிருக்கு அத்தை."

வாய் கூசாமல் சொன்னேன்.

மார்ச் 6
டாக்டரம்மா சொன்னது: முதலில் மூச்சுப் பயிற்சி, அப்புறம் நடை. ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். "அவசரப்பட்டா முட்டி போயிடும்" என்று பதினோரு வருடமாகப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தும் விளையாட்டு டீச்சர் நான்!

மார்ச் 10
ஓடினேன். இரண்டாவது சுற்றில் சிறுநீர் கசிந்துவிட்டது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீடு வந்தேன். யாரும் பார்க்கும் முன் துவைத்துப் போட்டேன்.

மார்ச் 11
இன்றும் ஓடினேன்.

மார்ச் 17
மருந்துக்கடை, தையற்கடை, ஜெராக்ஸ் கடை. பொய்கூடத் தீர்ந்துகொண்டு வருகிறது. இன்று ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. போன் பையில் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. மாமியார் ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார்.

எடுத்து வைத்த பாலைக் குழந்தை தொடவே இல்லையாம். முகம் சிவந்து, விக்கி விக்கி...

"அழுது அழுது குரலே கம்மிப்போச்சும்மா" என்றார். அவ்வளவுதான். எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பால் கொடுக்க உட்கார்ந்தால் அடிவயிறு கீழே இறங்குவது போலக் கனக்கிறது. கடவுளே, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

மார்ச் 18
கணவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "கர்ப்பப்பை லேசா இறங்கியிருக்கு. யாரு உங்கள ஓடச் சொன்னது?" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டமா?

பேருந்து நிறுத்தத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உடம்பு இளைக்கணும்னா ஓடின?"

"இல்லைங்க. அவ அழறது கேக்காத இடம் வேணும்னு ஓடினேன்."

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

ஒரு பேருந்து வந்து போனது. அவர் ஏறவில்லை.

"ஆபீஸ்ல வேலை அதிகம்னு சொல்றேனே," என்றார் மெதுவாக. "வேலை ஆறுக்கே முடிஞ்சிடுது. கீழ வண்டிய நிறுத்திட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருப்பேன்."

கோபம்தான் வந்தது. அரை மணி நேரம்! மாடியில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் என்னவோ சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் எங்களை விநோதமாகப் பார்த்தார்.

மார்ச் 19
மாமியாரிடமும் சொன்னேன். "சொல்லிட்டே போயிருக்கலாமேம்மா" என்றார். தலை நிமிரவில்லை எனக்கு.

மார்ச் 27
டாக்டரம்மா கொடுத்த பயிற்சி: பாயில் மல்லாந்து படுத்து, இடுப்புக்கு அடியில் உள்ள தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது. பத்து முறை. இதற்கே வியர்க்கிறது. பக்கத்தில் அவள் என்னைவிட நன்றாகக் காலை உதைக்கிறாள்.

ஏப்ரல் 8
அவர் இப்போது ஆறரைக்கெல்லாம் வீட்டில். முகம் கழுவியதும் குழந்தை அவர் கையில். அது என் நேரம். முதல் மூன்று நாள் குளியலறையில் உட்கார்ந்து அழவே அந்த நேரம் சரியாக இருந்தது.

மே 5
நடக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. செருப்பை மாட்டும்போதே அழ ஆரம்பித்தாள். "நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார் கணவர். அழுகை படிக்கட்டுவரை கேட்டது.

மைதானத்தில் ஒரு சுற்று முழுக்க அவள் நினைவே வரவில்லை. இரண்டாவது சுற்றில்தான் அது உறைத்தது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு இன்னும் ஒரு சுற்று நடந்தேன்.