சோயா பால் நிறத்தில் ரூபி

அடியே,

சர்ச்சுப் பின்னறை அலமாரியைத் திறந்து உன் பிஸ்கட் டின்னை எடுத்தேன். மூடியைத் தூக்கியதும் பழைய வெண்ணெய் வாசனை. பிஸ்கட் தீர்ந்து எத்தனையோ வருடமாகிறது. வாசனை மட்டும் இடத்தைக் காலி செய்வேனா என்கிறது, உன்னைப் போலவே. நீ கண்ணை மூடி நான்கு மாதம். நம் ஞாயிறுப் பள்ளி வகுப்புப் பெண்பிள்ளைகள் பதினொரு பேரும் இன்னும் உன் நாற்காலியைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். அதில் இப்போது இருப்பது நான் என்பது அவர்களுக்கு ஒரு சின்ன அசௌகரியம்.

நாளை உன் பிறந்தநாள். உன் சட்டப்படி பிறந்தநாள்காரிக்கு ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டும். அவள் செய்து நாம் கண்ணால் பார்த்த ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும். முகம், முடி, நிறம், உடை பற்றி ஒரு வார்த்தை கூடாது. "ஆண்டவர் உள்ளே இருக்கிறதைத்தான் பார்ப்பாரு. வெளியே பார்க்க இவ இருக்காளே" என்று என்னைக் காட்டுவாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இந்த முறை உனக்கே எழுதுகிறோம். பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் எழுதி டின்னில் போட்டுவிட்டார்கள். என் சீட்டு மட்டும் காலி. "நீங்கதானே அவங்க பெஸ்ட் ஃப்ரெண்ட், இன்னுமா எழுதல ஆன்டி?" என்கிறாள் ரூபி. முப்பது வருடமாக உன்னைப் பார்த்து வயிறெரிந்தவள் கையில் பேனாவைக் கொடுத்தால் எப்படி ஓடும்?

எரியாமல் என்ன செய்யும்? உனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, பாதித் தலை வெள்ளை. நான் சனிக்கிழமைதோறும் சிராங்கூன் சாலை பார்லரில் நூலைப் போட்டுப் புருவத்தைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் "ஹாய் ஆன்டி" என்று என்னைத் தாண்டி ஓடிப்போய் உன் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள்.

அந்த எரிச்சலில்தான் மூன்று வருடத்துக்கு முன் பேனர் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பிள்ளைகள் ஞாயிறு ஆராதனைக்கு, நம் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற பெரிய படம். மேலே 'உள்ளத்தின் அழகு' என்று தலைப்பு. கைப்பேசியில் எல்லா முகத்தையும் வெளுத்துப் பளிச்சாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினேன். இனி என்னைத்தான் கொண்டாடுவார்கள் என்று ஆங் மோ கியோ அச்சுக்கடையிலிருந்து எம்ஆர்டி ரயிலில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மண்டபத்தில் உயரமாகக் கட்டியதும் ரூபி அண்ணாந்து பார்த்தாள். "ஆன்டி, இதுல நான் எங்க?"

இரண்டாவது வரிசையில் இருந்தாள், சோயா பால் நிறத்தில். விரலால் காட்டினேன்.

"ஓ. நான் இப்படித்தான் இருந்திருக்கணுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. பாட்டுக் குழுவில் எப்போதும் பின்னால் ஒளிகிறவளை முன்வரிசைக்குக் கொண்டுவர நீ ஒரு வருடம் பாடுபட்டிருந்தாய். நான் ஒரே பொத்தானில் திருப்பி அனுப்பிவிட்டேன். "நான் இன்னைக்குப் பாடல லா" என்று போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

நீ என் காதோரம் வந்தாய். "ரூபியைப் படைக்கும்போது ஆண்டவர் உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்டி. அவசரத்துல மறந்துட்டாரு."

பேனரைக் கழற்ற உன் நாற்காலியையே இழுத்துப்போட்டு ஏறினேன். ஆராதனைக்கு வந்த சபை முழுக்க வேடிக்கை பார்த்தது. "எதுக்கு சிஸ்டர் கழட்டுறீங்க? யார் பண்ண தப்பு?" என்றார் சபைச் செயலர். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "எங்க தப்பு" என்றாய். எங்க! அந்தப் படத்தை நீயும் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாய். சொல்லிவிட்டுக் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.

இறங்கிப் போய் ரூபியிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்மை கன்னம் வரை வழிந்தது. "ஐயோ ஆன்டி, உங்க மேக்கப் எல்லாம் போச்சு!" என்றாள். "போகட்டும், நீ வா" என்றேன். வந்தாள். முன்வரிசையில் நின்று பாடினாள். பாட்டு முடிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், உன்னை. அன்றைக்கும் எனக்கு எரிந்தது.

உன் அடக்க ஆராதனையில் பிள்ளைகள் ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுந்து பேசினார்கள். உன் மங்கைப் பற்றி ஒருத்தியும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது போல. என்னை அடக்கம் பண்ணும்போது புருவத்தைத்தான் சொல்வார்களோ என்று உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கவலைப்பட்டேன். புருவம் இன்னும் எடுக்கிறேன். உன்னிடம் பொய் எதற்கு?

சீட்டை எழுதிவிட்டேன். 'எல்லோரும் பார்க்க நான் மேலே நின்றேன். இவள் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.' முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்துக்கொள்.

இப்போது உன் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி ஆடுவதே இல்லை, இன்னும் நீதான் பிடித்துக்கொண்டிருக்கிறாய் போல. எரிச்சலாகத்தான் இருக்கிறது, போடி.