வாத்துப் படத்தின் கடவுச்சொல்

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய தங்கைக்கு,

உன் ஓரகத்தி எழுதுவது. இங்கு இருவரும் சுகம். அங்குள்ள சுகம் உன் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவேன்.

நம் வீட்டுக் கணினியில் விண்டோஸை நீக்கி லினக்ஸ் நிறுவப்பட்டுள்ளது என்பதை அறியத் தருகிறேன். நிறுவியவள், எட்டாம் வகுப்போடு நின்ற நானே. பழையதற்குப் புதுப்பிப்புகள் வருவது நின்று நாளாயிற்று. உன் மூத்த அத்தானோ, ஓடுற வரைக்கும் ஓடட்டும் என்றார். வழிமுறைகளைப் படித்து, பென்டிரைவ் ஒன்றைத் தயார்செய்து, இரண்டாம் முயற்சியில் முடித்தேன்.

நிறுவினால் உள்ளதெல்லாம் அழியும் என்று அது முன்கூட்டியே எச்சரித்தது. பழையதன் நுழைவுத் திரையில் ஆளுக்கொன்றாக மூன்று படங்கள்: அத்தானுக்குக் கார், எனக்குப் பூ, உனக்கு மஞ்சள் வாத்து. நீ சென்றபின் மூன்றாண்டுகளாக அவ்வாத்தைக் கடந்தே என் பக்கத்திற்குள் சென்றேன். உன் முறை முடிந்தும் எழாமல், "அஞ்சே நிமிஷம் அக்கா" என்று நீ இழுப்பதும், நாற்காலியின் பின்னால் நான் கைகட்டி நிற்பதும் நினைவில் வரும். இனி அவ வந்தா உக்காரப் போறா, அழிச்சுத் தள்ளு என்றார் அத்தான். உன் உடைமையை உன்னைக் கேளாமல் அழிக்க மனம் வரவில்லை. படியெடுத்து வைக்கவோ உன் கடவுச்சொல் தெரியாது.

தவறாக ஒன்றைத் தட்டியதும், கடவுச்சொல் மறந்தால் உதவ நீ எழுதிய குறிப்பு தோன்றியது: "அக்கா எப்பவும் தப்பா எழுதுற வார்த்தை." அப்படியொரு சொல்லே இல்லையென்று ஒரு மணி நேரம் கணினியோடு வாதாடினேன். பிறகுதான் அந்த அட்டவணை நினைவுக்கு வந்தது. யார் எப்போது அமர்வது என்று எழுதி, "சுவற்றில் உள்ளபடி நடக்கவும்" என நான் ஒட்டியது. விருந்தினர் நிறைந்த கூடத்தில் நீ, "அக்கா, அது சுவர், சுவரில்னு வரணும். சுவற்றில் ஒட்டினா எப்படி நிக்கும்?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது நாள் உன்னோடு நான் பேசவில்லை. அந்த மாதமே நீங்கள் தனிவீடு பார்த்துப் போனீர்கள். பிறகு வேறு ஊருக்கே.

"சுவற்றில்" என்று தட்டினேன். திறந்தது.

உள்ளே "அக்கா" என்றொரு கோப்புறை. பத்திரிகை ஆசிரியருக்கு நான் கையால் எழுதி, உன்னைத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்ன நாற்பத்தொரு கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் இரு படிகள்: நான் எழுதியது ஒன்று, நீ திருத்தியது ஒன்று. அச்சில் வந்தவை அனைத்தும் இரண்டாவது. என் நடையைப் பிறர் புகழ்ந்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய், வாய் திறக்கவில்லை. நீ சென்றபின் நான் அனுப்பியவற்றில் ஒன்றும் அச்சாகவில்லை. பத்திரிகையின் தரம் குறைந்ததென்றே நினைத்திருந்தேன்.

புதியதிலும் உன் பெயரில் ஓர் இடம் திறந்துள்ளேன். இதில் வாத்துப் படம் இல்லாததால் பழையதிலிருந்து எடுத்து வைத்தேன். கடவுச்சொல் அதே சொல்தான், இம்முறை சரியான எழுத்தில்.

நீயும் உன் இல்லத்தாரும் நிறைவோடு வாழ்க. இக்கடிதத்தைப் பிழை பார்த்துக் கொடுக்க ஆளின்றி அனுப்புகிறேன். பிழையிருப்பின் நேரில் வந்து திருத்துக. விருந்தினர் முன்னிலையில் ஆயினும் சரி.

இங்ஙனம்,
நாற்காலியின் பின்னால் நிற்கும்
உன் அக்கா