ஏழு இருக்கை, ஓர் ஓட்டுநர்

ஜூன் 3, செவ்வாய்

பழைய கார் இன்று வீட்டை விட்டுப் போனது. வாங்கியவர் தெருமுனையில் இண்டிகேட்டர் போடாமலே திரும்பினார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அறிவித்தார்: "இனிமே பெரிய வண்டிதான். டீசல். ஏழு சீட்டு." நாங்கள் இருப்பதோ நான்கு பேர்: அவர், நான், அவருடைய அம்மாவான அத்தை, மகள். மீதி மூன்று பேர் யார் என்று கேட்டேன். "வர்றவங்க போறவங்க இருக்க மாட்டாங்களா?" வருகிறவர்கள் அவரவர் வண்டியில்தான் வருகிறார்கள், போகும்போதும் அதில்தான் போகிறார்கள். சொன்னேன். காதில் விழவில்லை. பகல் முழுக்கக் காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துகிறேன். வீட்டுக்கு வந்தாலும் ஓவர்டைம்.

முக்கியமானதை எழுதாமல் விட்டேனே. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த வீட்டில் ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

ஜூன் 8, ஞாயிறு

ஷோரூம். டை கட்டிய விற்பனையாளர் சாவியை அவர் கையில் கொடுத்தார். அவரும் அதைச் சுழற்றிக்கொண்டே போய் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஜம்மென்று உட்கார்ந்தார். விற்பனையாளர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"சார்… ஓட்டிப் பாக்கலியா?"

"அவ ஓட்டுவா. நான் பாத்துக்குவேன்."

ஓட்டினேன். என்ஜின், இழுவை, கியர் எல்லா விளக்கமும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. நான் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே இவருடைய வலது கால் தரையை மிதித்துவிடுகிறது. இறங்கிய பிறகு விற்பனையாளர் என் பக்கம் திரும்பினார்: "மேடம், கலர் மட்டும் நீங்க சொல்லுங்க."

சின்ன வண்டி வேண்டும் என்றேன். அது கலர் இல்லையாம்.

ஜூன் 12, வியாழன்

கொழுந்தன் போன். வேறு ஊரில் இருந்துகொண்டு எங்கள் வீட்டை நடத்துகிற திறமை அவனுக்கு உண்டு. "அண்ணி, மலை ஏறணும்னா டீசல்தான் அண்ணி. டார்க்குன்னு ஒண்ணு இருக்கு, இழுக்கற சக்தி."

எந்த மலை? வீட்டிலிருந்து என் கிளினிக் மூன்று கிலோமீட்டர். வழியில் இருக்கிற ஒரே ஏற்றம் பள்ளிக்கூடத்து வேகத்தடை.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டாவது ஷோரூம். அத்தையையும் அழைத்துப் போனோம். முழங்கால் வலி உள்ளவர். காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார், முடியவில்லை. ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஸ்டூல் மேல் நின்றபடி அத்தை சொன்னார்: "இதுல ஏறணும்னா முதல்ல இன்னொரு வண்டில ஏறணும் போலிருக்கே."

மகள் சிரித்தாள், நான் சிரித்தேன், விற்பனையாளர்கூட சிரித்துவிட்டார். அவர் மட்டும் ஸ்டூல் தனியாக வாங்க வேண்டுமா, வண்டியோடு வருமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நேராகவே சொன்னேன். "ஏங்க, ஓட்டப்போறது நான். நிறுத்த இடம் தேடப்போறதும் நான்."

"உன் பாதுகாப்புக்குத்தானேம்மா சொல்றேன்."

பாதுகாப்பு என்று சொன்னபிறகு என்ன பேசுவது? வேண்டாம் என்றால் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறேன் என்று ஆகும். எனக்கு அழுகையாக வந்தது. வண்டிக்காக இல்லை. இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயம், நான் மட்டுமே செய்கிற விஷயம், அதிலாவது உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? எனக்குன்னு என்னதான் இருக்கு இங்க? ஒரு அறை இருக்கா, ஒரு மணி நேரம் இருக்கா? குளிக்கப் போனாலும் கதவைத் தட்டறாங்க.

ஜூன் 23, திங்கள்

கலர் கேட்டார்கள். சாம்பல் என்றேன். வெள்ளை முடிவாகியிருக்கிறது.

ஜூலை 12, சனி

வந்துவிட்டது. கண்ணாடிகளை மடக்கினால்தான் கேட்டுக்குள் நுழைகிறது. அவர் பின்னால் நின்று "வா வா வா வா" என்று கையாட்ட, நான் சுவரை உரசாமல் உள்ளே விட, பக்கத்து வீட்டார் அவரைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். பானெட் தெரிவதற்காக நான் சோபா திண்டு ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

கிளினிக் வாசலில் நிறுத்த முடியவில்லை. தேடித் தேடிக் கடைசியில் நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி தெரிந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டியின் மீட்டர் பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. ஏதோ அடுப்பு புகைவது போன்ற படம். "சின்ன விளக்குதானே" என்றார் அவர். அவருக்கு விளக்கின் அளவு சிறியதாக இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சர்வீஸ் சென்டர். புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம், அதில் கரி சேர்ந்து அடைத்துக்கொண்டதாம். டீசல் வண்டி சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். மூன்று கிலோமீட்டருக்குள் எங்கே சூடேற?

"வாரம் ஒரு தடவை நெடுஞ்சாலைல விட்டு, நிறுத்தாம ஒரு அரை மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டுங்க சார். சார்தானே ஓட்டறீங்க?"

அவர் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஓட்டறேன்" என்றேன். அந்த மனிதர் உடனே நாற்காலியை என் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். இந்த வண்டி விஷயத்தில் என் முகம் பார்த்துப் பேசிய முதல் ஆள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குடும்பத்தோடு கரி எரிக்கப் போனோம். அவர் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். "லாரி… லாரி…" லாரி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அத்தைக்குக் குமட்டல், நிறுத்தினேன். மகளுக்குப் பசி, நிறுத்தினேன். கொழுந்தனிடம் பேச சிக்னல் கிடைக்கவில்லை என்று அவருக்காக ஒருமுறை நிறுத்தினேன்.

விளக்கு அப்படியே எரிகிறது. நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்றல்லவா சொன்னார்கள்? ஆக, இது குடும்ப வண்டி. குடும்பம் ஏறாமல் இருந்தால்தான் இதற்கு உடம்பு தேறும். இதை நான் சொல்லவில்லை. அவரே யோசித்துச் சொன்னார்: "அடுத்த வாரம் நீ மட்டும் போயிட்டு வந்துடேன்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தனியாகப் போனேன்.

ஆறு இருக்கைகள் காலி. யாரும் எதுவும் கேட்கவில்லை. பாட்டுப் போடலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். இப்படி அமைதியாக இருந்து எத்தனை காலமாயிற்று? என் பரிசோதனை அறைகூட சத்தம் புகாத அறைதான், ஆனால் அதற்குள் எப்போதும் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

விளக்கு தானாகவே அணைந்தது. அதைப் பார்த்த பிறகும் திரும்பவில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது, சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இப்போது ஞாயிறு காலை வீட்டில் சமையல் அவரும் மகளும். எதிர்வீட்டாரிடம் அவர் பெருமையாகச் சொல்வது காதில் விழுந்தது: "டீசல் வண்டி பாருங்க, வாராவாரம் வெளிய அனுப்பியே ஆகணும். இல்லேன்னா மூச்சு முட்டிடும்."

உண்மைதான்.

அக்டோபர் 18, சனி

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. "தப்புப் பண்ணிட்டேம்மா. உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஓய்வில்லாம போச்சு. இத வித்துட்டு நீ சொன்ன மாதிரி சின்ன வண்டியே வாங்கிடலாம். ஓட்டறவ நீ. நீயே முடிவு பண்ணு."

ஜூன் மாதம் இந்த வார்த்தைக்காகத்தான் அழுதேன். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டேன்.

"இருக்கட்டும்ங்க. ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

விளக்கு கடைசியாக எரிந்து பல வாரம் ஆகிறது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று கிளம்பும் நேரத்தில் அவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னுமா அந்த விளக்கு எரியுது?"

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் உட்கார்ந்திருந்த அத்தை பதில் சொன்னார்: "எரியுதுடா, எரியுது. இன்னிக்கு ரொம்பவே எரியுது. நீ அடுப்பைப் பாரு."

அத்தை ஒரு நாளும் முன் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. அந்த விளக்கு வண்டியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

கேட்டைத் திறந்துவிட்டு, மெதுவான குரலில், "அவசரப்பட்டு வீட்டுக்குத் திரும்பாதே" என்றார்.