நீ படித்துக் காட்டிய ஒப்பந்தங்கள்

நண்பா,

காலையில் கடையைத் திறந்து மேஜை இழுப்பறையை இழுத்தேன். பத்திரத்தாளும் ஸ்டாம்ப் பேடு மையும் கலந்த அந்த வாசனை வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மண்டைவெளிச் சந்தில் நம் டைப்பிங் கடை மட்டும் அப்படியே மணக்கிறது.

வாடகை ஒப்பந்தம் போட வருகிறவர்களை நீ சும்மா விடமாட்டாய். ஒவ்வொரு வரியையும் படித்து, உன் சாந்தோம் குப்பத்துத் தமிழில் அர்த்தம் சொன்ன பிறகுதான் பேனாவைக் கொடுப்பாய். "இண்டெம்னிட்டின்னா இன்னா தெர்மா? உன்னால அவருக்குத் தலவலி வந்தா, தைலம் நீதான் வாங்கித் தரணும்." "லாக்-இன்னா, அதுவரிக்கும் நீயும் கெளம்பக்கூடாது, அவரும் கெளப்பக்கூடாது." வரிசை தெருவுக்குப் போய்விடும். யாராவது முனகினால், "படிச்சி முடிக்கிற வரிக்கும் நில்லு நைனா" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய ஃபைலைத் திறந்து, பேரை மாற்றி, பிரிண்ட் எடுப்பதுதான் என் வழக்கம்.

நீ வராத ஒரு நாள், திருவான்மியூரில் ஒற்றை அறைக்குக் குடிபோன இட்லிக்கடை அம்மாவுக்கு, ஏதோ கம்பெனியின் ஃபைலில் பேரை மாற்றிக் கொடுத்தேன். மூன்று வருட லாக்-இன் வரி அதில் அப்படியே கிடந்தது. மகள் பிரசவத்துக்காக அந்த அம்மா காலி செய்யக் கேட்டபோது வீட்டுக்காரர் அந்த வரியைக் காட்டினார். நீதான் என்னையும் இழுத்துக்கொண்டு போய், இரண்டு சாயங்காலம் அவர் வாசலில் உட்கார்ந்து பேசி அந்த அம்மாவை விடுவித்தாய். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "அவங்க பேப்பரப் பாத்து கையெழுத்து போடல மச்சி. உன் மூஞ்சியப் பாத்து போட்டாங்க." அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கம் வர நாளாயிற்று.

இன்று உன் மனைவி வந்தாள். வீட்டு ஒப்பந்தத்தை அவள் பேருக்கு மாற்ற, வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த நகலோடு.

"நீங்க பாத்தா போதும்ணா. எங்க போடணும்?"

என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கி வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படித்தேன். ஆறாவது பத்தியில் இருந்தது: வீட்டுக்காரர் முன்னறிவிப்பின்றிக் காலி செய்யச் சொல்லலாம்.

"அப்டின்னா இன்னாண்ணா?"

"காலைல சொல்லி, சாயங்காலமே வெளிய போகச் சொல்லலாம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கொஞ்சம் முறுக்கிக்கொண்டார், பிறகு மூன்று மாத நோட்டீசுக்கு இறங்கி வந்தார். அந்த வரியைத் திருத்திவிட்டு மீதியையும் படித்தேன். இண்டெம்னிட்டிக்கு உன் தைலத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

வெளியே வரிசையில் ஒருவர் பொறுமை இழந்து, "சார், இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார்.

"படிச்சி முடிக்கிற வரிக்கும் நில்லு நைனா" என்றேன்.