சங்கமுள் வேலிக்கு அந்தப் பக்கம்

அக்கா,

இன்று சாயங்காலம் வேலியோரம் நின்றபடி ஒரு சங்கம்பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். தின்று ரொம்ப வருடம் ஆயிற்று. முதலில் வழவழவென்று ஒரு தித்திப்பு, பிறகு நாக்கு நுனியில் சுருசுருவென்று எரிச்சல். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தும் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு இந்த வேலிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. முன்னால் மட்டும் யார் என்ன செய்தார்கள்? ஆனைக்குட்டம் அணை வறண்டு உள்ளே மாடு மேய்ந்த வருடத்தில்கூட நம் இரண்டு வீட்டு வாசலிலும் பச்சையாக நின்றது இது ஒன்றுதான். கணுவுக்கு நாலு முள், இலை நுனியில்கூட ஒரு ஊசி. நம் வீட்டுக்கு ஆடும் வராது, சொந்தக்காரர்களும் வரமாட்டார்கள் என்று உங்கள் கொழுந்தன் சொல்லிச் சிரிப்பாரே. இப்போதும் அதையேதான் சொல்கிறார். நான்தான் சிரிப்பதில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்குப் பொறாமை. இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. செத்தவர்கள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. உங்களுக்கு மூன்று பையன்கள். எனக்கு ஒரே மகள், மாரிச்செல்வி. மூன்று பேரைக் கையில் வைத்துக்கொண்டு என் ஒருத்தியையும் சேர்த்து எடுத்துக்கொண்டீர்கள். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி என்று ஒரே வேலிக்குள் இருந்துவிட்டால் இதெல்லாம் சகஜம் என்பார்கள். எனக்கு அது சகஜமாக இல்லை.

நான் என்ன, ஆசைப்பட்டா பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன்? நீங்கள் வீட்டிலிருந்தே காகிதக் குழாய் சுற்றினீர்கள். எனக்கு அது கை வரவில்லை, குழாய் பூராவும் கோணிக்கொண்டது. அதனால் புஸ்வாணம் அடைக்கப் போனேன். விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து நிற்கும். தூங்குகிற பிள்ளையை அப்படியே தூக்கி உங்கள் பாயில் போட்டுவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்போது தலை, புருவம், கழுத்து எல்லாம் வெள்ளிப்பொடி. அந்தப் பொடியோடு பச்சைப் பிள்ளையைத் தொட முடியுமா? கம்பெனிக்குப் போகிற எந்தப் பெண்ணும் தொடமாட்டாள். நேரே கொல்லையில் குளிக்கிற தட்டி மறைப்புக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றி, உடுத்தியிருந்ததை அங்கேயே நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும்.

வேன் திரும்பும் முனையிலிருந்தே உங்கள் இருவரையும் பார்த்துவிடுவேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள், உங்கள் இடுப்பில் என் மகள். நீங்கள் கொப்பை வளைத்து வெள்ளை வெள்ளையாகப் பழம் பறிப்பீர்கள், அவள் வாயைத் திறப்பாள். எரிப்பு ஏறியதும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு இருவரும் ஒரே சிரிப்பு. நாளெல்லாம் வாயை மூடிக்கொண்டு பொடிக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? நான் இறங்கியதும் அவள் கையை நீட்டுவாள். நீங்கள் வெடுக்கென்று அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வீர்கள்.

"தொடாதடி, அம்மா மேல பூராம் பொடி. குளிச்சிட்டு வரட்டும்."

நீங்கள் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். குளித்து, தலையைத் துவட்டி, ஓடி வந்து பார்த்தால் உங்கள் மடியில் அவள் தூங்கிப்போயிருப்பாள். விரல் உங்கள் முந்தானையைப் பிடித்திருக்கும். அந்த விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவேன்.

கறிவேப்பிலைக் கன்றுகூட நட்டு வளர்க்காத நீங்கள் இந்த முள்செடி ஒன்றை வைத்தே ஊரை வளைத்துப் போட்டீர்கள். நெஞ்சுச்சளி என்று யாராவது வந்தால் சங்கிலையை இடித்துச் சாறு பிழிந்து கொடுப்பீர்கள். கோழி அடைகாக்கிற கூடையைச் சுற்றி நாலு கொப்பு, பூனை வராது. பிள்ளை பெற்ற வீட்டு நிலைப்படியில் ஒரு கொப்பு. அந்தப் பெண்ணுக்குச் சங்கிலையும் வேப்பிலையும் சமமாக வைத்து அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, காலையில் வெறும் வயிற்றில். நம் தெருவில் அந்த உருண்டையை விழுங்காத தாய்மார் யார்? நானும்தான் விழுங்கினேன். மாரிச்செல்வி பிறந்தபோது என் மூக்கைப் பிடித்து ஊட்டியது நீங்கள். "முழுங்குடி, வயித்துல ஒரு அழுக்கு நிக்கக் கூடாது" என்று அதட்டினீர்கள். அப்போது உங்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அது வேன் ஏறிய பிறகு வந்தது.

அவளுக்குக் காது குத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? என் தம்பி மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது காதில் குத்தியதும் வீலென்று கத்திக்கொண்டு எழுந்தாள். நான் முன்னாலேயே இரண்டு கையையும் விரித்தபடி நிற்கிறேன். அந்தக் கைக்குக் கீழே குனிந்து நழுவி ஓடி உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சர்க்கரை உங்கள் காலையும் பிறகு சிறுநீரகத்தையும் வாங்கியது. கடைசியில் நீங்கள் அடங்கினபோது மாரிச்செல்விக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. விருதுநகரில் ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து யூனிஃபார்மோடு வந்து விழுந்தாள். உங்கள் மருமகள்கள் அழுததெல்லாம் ஒரு அழுகையா? இவள் அழுததுதான் அழுகை. "என்னப் பெத்த பெரியம்மா" என்றாள். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன். அந்த நேரத்தில், உங்கள் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் செத்தால் இதில் பாதியாவது அழுவாளா என்று. இப்படிக்கூட ஒருத்தி நினைப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் நினைத்தேன்.

போன வருடம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், நம் வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். நான் கம்பெனியை விட்டுவிட்டேன், உடம்பு கேட்கவில்லை. இந்தத் தடவை எனக்குப் போட்டியே இல்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. வெந்நீர் ஊற்றினேன், பத்தியச் சோறு பொங்கினேன். மூன்றாம் நாள் காலை படுத்தபடியே கேட்டாள்.

"அம்மா, பெரியம்மா அரைப்பாகள்ல, அந்தச் சங்கிலை உருண்டை. எனக்கு வேணும்மா."

"நர்ஸுக்குப் படிச்சிட்டு உனக்கு எதுக்குடி முள்ளுச்செடி? டாக்டர் குடுத்த மாத்திர இருக்குல்ல?"

"அது பாட்டுக்கு அது. டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன், கொஞ்சமாச் சாப்பிடுன்னுட்டாக. பெரியம்மா இருந்தா இந்நேரம் அரைச்சுக் கொண்டாந்திருப்பாக."

போய்ப் பறித்தேன். ஒரு பிடி இலைக்குக் கை பூரா குத்து. அம்மியில் வைத்து அரைத்தேன். நாலு தடவை வழித்து, நாலு தடவை அரைத்து, உருட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வாயில் போட்டவள் மென்றாள். உருண்டையை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மெல்லும்படியாக இருந்திருக்கிறது.

"நறநறங்குதும்மா. பெரியம்மா அரைச்சா நாக்குலயே நிக்காது."

எனக்குச் சுரீர் என்றது. கோபத்தோடு திரும்பப் போய் அம்மி முன்னால் உட்கார்ந்தபோதுதான் என் கையையே நான் பார்த்தேன். குழவி அம்மியைத் தொட்டும் தொடாமலும் போய் வருகிறது. கம்பெனியில் முதல் நாள் போர்மேன் சொல்லிக்கொடுத்த கை அது. "அழுத்தாத, உரசாத, பூவத் தொடுற மாதிரி தொடு. ஒருத்தி உரசுனா ரூம்புல இருக்குற அம்புட்டுப் பேரும் போவீக." ஒரு ஆயுசு முழுக்க அப்படியே அடைத்த கைக்கு, கல்லோடு கல் உரச மனசு வரவில்லை. வேப்பிலையைப் போய் வெடித்துவிடும் என்று பயந்து அரைத்தவள் சிவகாசிப் பக்கத்தைத் தவிர வேறு எங்கே இருப்பாள்? பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி அரைத்தேன். கல் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் என் உடம்பு தூக்கிப்போட்டது.

இரண்டாவது உருண்டையை விழுங்கிவிட்டு, "இப்ப பெரியம்மா வாசம் வருது" என்றாள்.

அக்கா, அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அரைச்சது நானு. வாசம் அவுகளுதா?" என்று கத்திவிட்டேன். "உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு, சங்கம்பழத்தத் தின்னு சிரிச்சுக் காட்டி, நான் வந்ததும் கையப் பிடிச்சு இழுத்து, நான் குளிச்சு வர்றதுக்குள்ள தூங்க வச்சு... எம் பிள்ளய என் கண்ணு முன்னாலயே எடுத்துக்கிட்டாக உன் பெரியம்மா" என்று இத்தனை வருடத்தையும் கொட்டினேன். பச்சைக் குழந்தை திடுக்கிட்டு அழுதது.

அவள் குழந்தையை எடுத்து மார்போடு போட்டுக்கொண்டாள்.

"தூங்க வச்சாகளா? யாரும்மா சொன்னா? நான் தூங்கிறக் கூடாதுன்னுதான் அந்தப் பழத்தக் குடுத்தாக. தீவாளி சீசன்ல வேன் லேட்டாகும், எனக்குக் கண்ணச் சொக்கும். ஒரு பழத்த வாயில வச்சு, எரியுதா எரியுதா, முழிச்சுக்கோ, அம்மா வந்துருவாம்பாக. நீ தட்டிக்குள்ள குளிக்கப் போனதும் சத்தத்தக் கேக்கச் சொல்வாக. 'செம்புச் சத்தம் கேக்குதா? இன்னும் கொஞ்சந்தான், அம்மா வந்துருவா'. ஒரு செம்புக்கு ஒரு பழம். பாதி நாளு நீ வந்து தூக்கியிருக்கம்மா. உனக்கு ஞாபகம் இல்ல?"

எனக்கு ஞாபகம் இல்லை. நானே தூக்கிக்கொண்டு போன நாட்கள் இருந்திருக்கத்தான் வேண்டும். என் மனசு எடுத்து வைத்துக்கொண்டதெல்லாம் உங்கள் மடியில் அவள் தூங்கிய நாட்களைத்தான். இதை நீங்களே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய், உங்கள் நல்ல குணத்தை என் மகள் வாயால் நான் கேட்கும்படி செய்துவிட்டீர்கள். அதிலும் உங்களுக்குத்தான் ஜெயம். உங்களை நல்லவர் என்று தெரிந்துகொண்டதில் என் பொறாமை குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது.

இப்போது அவள் இங்கே என்னோடு இருந்துகொண்டே டியூட்டிக்குத் திரும்பிவிட்டாள். விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்துக்கு வருகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிள்ளையைத் தொடமாட்டாள், நேரே குளிக்கப் போவாள். குழந்தை நாள் முழுக்க என்னிடம். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது. என் சத்தம் கேட்டால்தான் சாப்பிடுகிறது.

இன்று சாயங்காலம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். கண் சொக்கியது அதற்கு. பழம் தின்கிற வயதில்லை. வெள்ளைப் பழக் கொத்தைக் காட்டி, கன்னத்தைத் தட்டி, "முழிச்சுக்கோ, அம்மா வந்துருவா" என்றேன். பழத்தை நான் வாயில் போட்டு மூஞ்சியைச் சுளித்துக் காட்டினேன். அது கெக்கெக்கென்று சிரித்தது. அந்த நேரம் பார்த்து மாரிச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். குழந்தை கையை நீட்டியது. என் கை தானாகவே அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அவள் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வேனிலிருந்து இறங்கி நான் பார்த்த பார்வை.

பின்னால் செம்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. நான் குழந்தையைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு செம்புக்கும் ஒரு கொப்பை ஆட்டினேன். ஈரத்தலையோடு அவள் ஓடி வந்ததும் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்னால் என் முந்தானையிலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்கப் பிரிக்கத் திரும்பவும் பிடித்தது. அவர்கள் உள்ளே போன பிறகு இடுப்பு வெறுமனே கிடந்தது.

நாக்கில் அந்தப் பழம் இன்னும் எரிகிறது, அக்கா. தினமும் இப்படித்தானே அவளை எழுப்பி வைத்து என்னிடம் கொடுத்தீர்கள்? அந்த நேரத்தில் உங்களுக்கு எரிந்ததை எங்கே வைத்திருந்தீர்கள்? வெளியே தெரியவே இல்லையே.